ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் லிங்கன் இருநூற்றாண்டு விழா

ஐக்கிய அமெரிக்காவின் பதினாறாவது குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கன் பெப்ரவரி 12, 1809 அன்று பிறந்தார். அவர் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை ஒட்டி, இலினொய் மாநிலத்தின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் 2009 ஆம் ஆண்டு நினைவு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. லிங்கன் குடியரசுத் தலைவராவதற்கு முன் ஏறத்தாழ 24 ஆண்டுகள் வாழ்ந்த நகரம் இது. அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் இங்கேயே.

இந்நகர் இதற்கு முன் 1909 இல் லிங்கனின் நூற்றாண்டு விழாவையும் கொண்டாடியது. அடிமை முறைக்கு முடிவு கட்டியவராகப் போற்றப்படும் தலைவரின் அவ்விழா விருந்தில், அதே நகரின் கறுப்பின மக்களுக்கு இடம் அளிக்கப்படவில்லை. 2009 இல் அதே அமைப்பு நடத்திய விருந்தில் நாட்டின் முதல் கறுப்பினக் குடியரசுத் தலைவர் உரையாற்றினார். ஆகவே இருநூற்றாண்டு விழாவைப் புரிந்துகொள்ள நூற்றாண்டு விழாவையும், அதற்கு ஆறு மாதங்களுக்கு முன் அங்கு நடந்த கலவரத்தையும் அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

லிங்கனும் ஸ்பிரிங்ஃபீல்டும்

லிங்கன் இந்நகரில் பிறந்தவர் அல்லர். அவர் பிறந்தது கென்டக்கி மாநிலத்தின் ஹாட்சன்வில் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணையில் ஆகும். அவருடைய ஏழாவது வயதில், 1816 இல், குடும்பம் இந்தியானாவுக்குக் குடிபெயர்ந்தது. 1830 இல் இலினொய்க்கு வந்தது. சில ஆண்டுகள் நியூ சேலம் என்னும் ஊரில் கடைக்காரராகவும் அஞ்சல் அலுவலராகவும் நில அளவையாளராகவும் இருந்து, தாமே சட்டம் பயின்று, ஏப்ரல் 15, 1837 அன்று அவர் ஸ்பிரிங்ஃபீல்ட் வந்து சேர்ந்தார். சரியாக 28 ஆண்டுகள் கழித்து, ஏப்ரல் 15, 1865 அன்று, வாசிங்டனில் சுடப்பட்டு இறந்தார்.

ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1842 இல் மேரி டாட் என்பவரை மணந்தார். 1844 இல் எட்டாம் தெருவும் ஜாக்சன் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஒரு வீட்டை வாங்கினார். லிங்கன் தம் வாழ்நாளில் சொந்தமாகக் கொண்டிருந்த வீடு இது ஒன்றே. நான்கு மகன்களுள் மூவர் இந்த வீட்டில் பிறந்தனர். ஒருவர் இங்கேயே சிறு வயதில் இறந்தார். பெப்ரவரி 11, 1861 அன்று, தமது 52 ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், தொடர்வண்டி நிலையத்தில் ஊர் மக்களிடம் விடைபெற்றுத் தலைநகர் சென்றவர் உயிருடன் திரும்பவில்லை. மே 1865 இல் அவரது உடல் பழைய சட்டமன்றக் கட்டடத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, பின்னர் ஓக் ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவருடைய மூத்த மகன் ராபர்ட் டாட் லிங்கன் 1887 இல் அந்த வீட்டை இலினொய் மாநிலத்துக்குக் கொடையாக அளித்தார். வீட்டை நன்கு பேண வேண்டும், பார்க்க வருவோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள். வீடு 1970களின் தொடக்கத்தில் நடுவண் அரசின் தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்புக்கு மாறிய பின்னரும் கட்டணமின்றியே பார்வையிடலாம்.

1908 ஆம் ஆண்டுக் கலவரம்

நூற்றாண்டு விழாவுக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த 1908 ஆம் ஆண்டில் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 50,000 ஆகும். அவர்களுள் கறுப்பினத்தவர் சிறு பங்கினரே. அவ்வாண்டு ஆகஸ்ட் 14 அன்று, இரு வெவ்வேறு வழக்குகளில் சிறையிலிருந்த இரண்டு கறுப்பின ஆண்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு கோரி வெள்ளையர் கும்பல் ஒன்று சிறைச்சாலை முன் திரண்டது. ஒருவர் மீது கொலைக்குற்றமும் மற்றவர் மீது வெள்ளைப் பெண் ஒருவரைத் தாக்கினார் என்ற குற்றமும் சுமத்தப்பட்டிருந்தன. இரண்டாவது குற்றச்சாட்டு பொய் என்பதை அதைக் கூறிய பெண்ணே பின்னர் ஒப்புக்கொண்டார்.

காவல் அதிகாரி கைதிகள் இருவரையும் கமுக்கமாக வேறு நகருக்கு அனுப்பிவிட்டார். ஏமாற்றமடைந்த கும்பல், கைதிகளைக் கொண்டு செல்லத் தம் மோட்டார் வண்டியைத் தந்து உதவிய வெள்ளையரின் உணவகத்தை முதலில் நொறுக்கியது. பின்னர் கறுப்பினத்தவரின் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஸ்காட் பர்ட்டன் என்னும் முடிதிருத்துநர் கொல்லப்பட்டு மரத்தில் தொங்கவிடப்பட்டார். மறுநாள் இரவு வில்லியம் டொன்னகன் என்னும் முதியவர் தம் வீட்டிலிருந்து இழுத்து வரப்பட்டுத் தாக்கப்பட்டார்; அவர் மருத்துவமனையில் உயிரிழந்தார். டொன்னகன் காலணி தைக்கும் தொழில் செய்து பொருள் சேர்த்தவர். வெள்ளைப் பெண்ணை மணந்து நெடுங்காலம் குடும்பம் நடத்தியவர். லிங்கனுக்குக் காலணி தைத்துக் கொடுத்தவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. நகரை அடக்க ஆயிரக்கணக்கான மாநிலப் படையினர் வரவழைக்கப்பட்டனர்.

நூற்றுக்கும் மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் பதிவாயின. ஆயினும் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. டொன்னகன் கொலை வழக்கில் விசாரிக்கப்பட்டவர் விடுதலையானார். படைவீரர் ஒருவரின் வாளைத் திருடியதற்காக மட்டும் அவருக்குத் தண்டனை கிடைத்தது.

இத்தகைய வன்முறை அக்காலத்தில் தென் மாநிலங்களுக்கு உரியது என வட மாநிலத்தவர் எண்ணி வந்தனர். லிங்கனின் சொந்த நகரில், அவர் வீட்டுக்கு அதிகத் தொலைவில்லாத தெருக்களிலேயே அது நடந்தது பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. வில்லியம் இங்கிலிஷ் வாலிங் என்னும் எழுத்தாளர் நேரில் சென்று பார்த்து, செப்டம்பர் 1908 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கும்பலைச் சேர்ந்தோர் லிங்கனின் பெயரைச் சொல்லியே கறுப்பினத்தவரை ஏசியதாக அவர் அதில் எழுதினார். கறுப்பினத்தவருக்குத் துணை நிற்கப் பெரிய அமைப்பு ஏதும் நாட்டில் உள்ளதா என்ற கேள்வியுடன் அக்கட்டுரை முடிந்தது.

1909: நூற்றாண்டு விழா

விழாவை நடத்துவதற்கென்றே லிங்கன் நூற்றாண்டுச் சங்கம் என்னும் அமைப்பு நகரில் தொடங்கப்பட்டிருந்தது. பெப்ரவரி 12, 1909 அன்று மாலை மாநிலப் படைக்கலக் கட்டடத்தில் அது பெருவிருந்து ஒன்றை அளித்தது. ஓர் இருக்கைக்குக் கட்டணம் 25 டாலர். அன்றைய தொழிலாளி ஒருவரின் இரண்டு வார ஊதியத்தை விஞ்சக்கூடிய தொகை இது. பிரித்தானியத் தூதர் ஜேம்ஸ் பிரைஸ், பிரெஞ்சுத் தூதர் ஜூல் ஜூஸ்ரான், குடியரசுத் தலைவர் தேர்தலில் மும்முறை தோற்றிருந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஆகியோர் விருந்தில் பேசினர். லிங்கனின் மகன் ராபர்ட்டும் வந்திருந்தார்.

நகரின் கறுப்பின மக்கள் விருந்துக்கு அழைக்கப்படவில்லை. அவர்கள் அதே நாளில் தங்கள் ஆபிரிக்க மெதடிஸ்த திருச்சபைக் கோயிலில் தனியே கூடி லிங்கனை நினைவுகூர்ந்தனர். அக்கூட்டத்தில் பேசிய மகீ என்னும் மதகுருவின் உரை பின்னாளில் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. இன்றைய விருந்துக்குத் தலைமை தாங்குவதைவிட, 2009 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 அன்று நடக்கவிருக்கும் விழாவில் கொள்ளுப்பேரர்களுள் ஒருவராக இருப்பதையே தாம் விரும்புவதாக அவர் கூறினார். அதற்குள் நிறவெறி, சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைத் தூக்கிலிட்ட பழங்கால மூடத்தனத்தோடு சேர்ந்து மறைந்திருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

அதே பெப்ரவரி 12 அன்று நியூயார்க்கில் வேறொன்று நிகழ்ந்தது. வாலிங்கின் கட்டுரையைப் படித்த மேரி வைட் ஓவிங்டன் அவருடன் தொடர்பு கொண்டார். ஹென்றி மாஸ்கோவிட்சும் அவர்களுடன் சேர்ந்தார். அவர்களது முயற்சியால், ஆசுவால்ட் காரிசன் வில்லார்ட் வரைந்த பொது அழைப்பு ஒன்று லிங்கனின் நூறாவது பிறந்தநாளில் வெளியிடப்பட்டது. லிங்கன் இன்று மீண்டும் வந்தால் இந்நாட்டில் எதைக் காண்பார் என்று அது கேட்டது. டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ், ஐடா பி. வெல்ஸ் உள்ளிட்ட பலர் அதில் கையொப்பமிட்டனர். அதிலிருந்து உருவானதே என்.ஏ.ஏ.சி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம். அமெரிக்கக் குடியுரிமைப் போராட்டங்களில் பெரும்பங்கு வகித்த இச்சங்கம் பெப்ரவரி 12 ஐயே தன் நிறுவன நாளாகக் கொள்கிறது. ஸ்பிரிங்ஃபீல்ட் விருந்தில் பேசப்பட்ட உரைகளைக் காட்டிலும், அந்நகரின் கலவரம் தூண்டிய இவ்வழைப்பே நூற்றாண்டு விழாவின் நிலையான பயன் எனலாம்.

விருந்து நடத்திய சங்கமும் வீண்போகவில்லை. 1920களில் அது லிங்கன் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கியது. 1929 இல் ஆபிரகாம் லிங்கன் சங்கம் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. ராய் பாஸ்லர் பதிப்பித்த லிங்கனின் எழுத்துத் தொகுப்பு 1953 இல் இச்சங்கத்தின் முயற்சியால் வெளிவந்தது. எட்டுத் தொகுதிகளும் பின்னர் ஒரு சொல்லடைவும் கொண்ட இத்தொகுப்பு இல்லாமல் லிங்கனை ஆராய்வது கடினம். ஆண்டுதோறும் பெப்ரவரி 12 அன்று விருந்து நடத்தும் வழக்கமும் தொடர்ந்தது.

இருநூற்றாண்டுக்கான ஏற்பாடுகள்

அமெரிக்கக் காங்கிரஸ் 2000 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, ஆபிரகாம் லிங்கன் இருநூற்றாண்டு ஆணையத்தை அமைத்தது. நாடளாவிய நிகழ்ச்சிகள் பெப்ரவரி 2008 இல் தொடங்கின. மே 2008 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, நடு இலினொயின் 42 கவுண்டிகளைக் கொண்ட பகுதி ஆபிரகாம் லிங்கன் தேசிய மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. லிங்கன் வழக்காடிய நீதிமன்ற ஊர்களும் அவர் குடியிருந்த சிற்றூர்களும் இதனுள் அடங்கும்.

ஸ்பிரிங்ஃபீல்டைப் பொறுத்தவரை, விழாவைத் தாங்குவதற்கான இடங்கள் முன்னரே ஆயத்தமாக இருந்தன. லிங்கன் 1858 இல் பிளவுபட்ட வீடு பற்றிய புகழ்பெற்ற உரையை ஆற்றிய பழைய சட்டமன்றக் கட்டடம், 1960களில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்டிருந்தது. ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவர் நூலகம் 2004 இலும் அதன் அருங்காட்சியகம் 2005 இலும் திறக்கப்பட்டன. ஓக் ரிட்ஜில் உள்ள கல்லறைக்கும் ஒரு கதை உண்டு. 1876 இல் கள்ள நாணயக் கும்பல் ஒன்று லிங்கனின் உடலைத் திருடிப் பணயத் தொகை கேட்கத் திட்டமிட்டுப் பிடிபட்டது. அதன் விளைவாகவே 1901 இல் உடல் பைஞ்சுதைக்குள் ஆழப் புதைக்கப்பட்டது.

2009: இருநூற்றாண்டு நிகழ்ச்சிகள்

ஐக்கிய அமெரிக்க அஞ்சல் துறை பெப்ரவரி 9, 2009 அன்று நான்கு நினைவு அஞ்சல்தலைகளை ஸ்பிரிங்ஃபீல்டில் வெளியிட்டது. 42 சென்ட் மதிப்புடைய இவற்றில் லிங்கன் முறையே மரம் பிளப்பவர், வழக்கறிஞர், அரசியலாளர், குடியரசுத் தலைவர் ஆகிய நான்கு நிலைகளில் காட்டப்பட்டிருந்தார்.

பெப்ரவரி 12 அன்று காலை வாசிங்டனில் காங்கிரஸ் கட்டடத்தின் நடு மண்டபத்தில் விழா நடைபெற்றது. அதில் பேசிய குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா அன்று மாலையே ஸ்பிரிங்ஃபீல்ட் வந்து ஆபிரகாம் லிங்கன் சங்கத்தின் ஆண்டு விருந்தில் உரையாற்றினார். அவர் இந்நகருக்குப் புதியவர் அல்லர்: மாநில மேலவை உறுப்பினராக இங்கு எட்டு ஆண்டுகள் பணியாற்றியவர், பெப்ரவரி 10, 2007 அன்று பழைய சட்டமன்றக் கட்டடத்தின் முன்பே தம் தேர்தல் போட்டியை அறிவித்தவர். பதவியேற்றபோது, லிங்கன் 1861 இல் பயன்படுத்திய விவிலியத்தின் மீதே கைவைத்து உறுதிமொழி எடுத்தார்.

விருந்து நாளில் அமெரிக்கா கடும் பொருளாதார நெருக்கடியில் இருந்தது. ஒபாமாவின் உரையும் அதைச் சார்ந்தே அமைந்தது. மக்கள் தனித்தனியே செய்துகொள்ள இயலாதவற்றைச் சேர்ந்து, அரசின் வழியாகச் செய்துகொள்ள வேண்டும் என்னும் லிங்கனின் கருத்தை அவர் விரித்துரைத்தார். தாம் அங்கு நிற்பதன் வரலாற்றுப் பொருளைவிட, அந்த மாதத்து அரசியலே அவர் பேச்சில் மேலோங்கியது. ஆயினும் மகீ குறிப்பிட்ட அதே நாளில், அன்று கறுப்பினத்தவரை ஒதுக்கிய சங்கத்தின் மேடையிலேயே அவர் நின்றார் என்பது குறிப்பிடத்தக்கது. மகீயின் எதிர்பார்ப்பில் விருந்து பற்றிய பகுதி நிறைவேறியது. நிறவெறி மறைந்துவிடும் என்ற பகுதியைப் பற்றி அவ்வாறு கூற இயலாது.

புதிய ஒரு சென்ட் நாணயங்கள்

இருநூற்றாண்டு ஆண்டு முழுவதும் பொதுமக்கள் கைகளில் புழங்கிய நினைவுச் சின்னம் நாணயமே. பென்னி என வழங்கும் ஒரு சென்ட் நாணயத்தில் லிங்கனின் உருவம் முதன்முதலில் 1909 இல் நூற்றாண்டை ஒட்டிப் பொறிக்கப்பட்டது. விக்டர் டேவிட் பிரென்னர் வடித்த உருவம் அது. புழக்கத்துக்கான வழமையான அமெரிக்க நாணயம் ஒன்றில் குடியரசுத் தலைவர் ஒருவரின் உருவம் இடம்பெற்றது அதுவே முதல் முறை.

2009 இல் அதன் பின்புறத்துக்கு நான்கு புதிய வடிவங்கள் அளிக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒன்றாக, அவை லிங்கனின் வாழ்க்கைப் பாதையைப் பின்பற்றி அந்தந்த இடங்களிலேயே வெளியிடப்பட்டன. மரக்குடிசை பொறித்த முதல் நாணயம் பெப்ரவரி 12 அன்று ஹாட்சன்வில்லிலும், மரத்துண்டின் மீது அமர்ந்து நூல் படிக்கும் இளைஞனைக் காட்டும் நாணயம் மே 14 அன்று இந்தியானாவிலும் வெளிவந்தன. பழைய சட்டமன்றக் கட்டடத்தின் முன் லிங்கன் நிற்கும் மூன்றாவது நாணயம் ஆகஸ்ட் 13 அன்று ஸ்பிரிங்ஃபீல்டில் வெளியிடப்பட்டது. கட்டி முடிக்கப்படாத காங்கிரஸ் கட்டடக் குவிமாடத்தைக் கொண்ட நான்காவது நவம்பர் 12 அன்று வாசிங்டனில் வெளியானது. ஸ்பிரிங்ஃபீல்ட் வெளியீட்டு நாளுக்கு மறுநாள் 1908 ஆம் ஆண்டுக் கலவரத்தின் 101 ஆவது ஆண்டு நாள். இது தற்செயலாகவே இருக்க வேண்டும்.

செலவு மிகுதியால், புழக்கத்துக்கான ஒரு சென்ட் நாணயங்களை அச்சிடுவது நவம்பர் 2025 உடன் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை செல்லுபடியாகும்.

பிறந்த குடிசை பற்றிய சிக்கல்

முதல் நாணயத்தில் உள்ள மரக்குடிசையைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. ஹாட்சன்வில் அருகே ஜான் ரசல் போப் வடிவமைத்த பளிங்கு நினைவு மண்டபம் ஒன்று உள்ளது. குடியரசுத் தலைவர் தியொடோர் ரூஸ்வெல்ட் பெப்ரவரி 12, 1909 அன்று அதற்கு அடிக்கல் நாட்டினார். 1911 இல் குடியரசுத் தலைவர் டாஃப்ட் அதைத் திறந்து வைத்தார். லிங்கன் வாழ்ந்த 56 ஆண்டுகளைக் குறிக்க அதற்கு 56 படிகள் அமைக்கப்பட்டன. மண்டபத்தின் உள்ளே இருக்கும் மரக்குடிசை லிங்கன் பிறந்தது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அது மண்டபத்துக்கு வருமுன் பிரிக்கப்பட்டுக் கண்காட்சிகள் தோறும் கொண்டு செல்லப்பட்ட ஒன்று. மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு பின்னர் ஆராய்ந்தபோது, அம்மரங்கள் லிங்கன் பிறந்து பல ஆண்டுகளுக்குப் பின் வெட்டப்பட்டவை எனத் தெரியவந்தது. இன்று அது அடையாளக் குடிசை என்றே குறிக்கப்படுகிறது. இவ்வகையில் ஸ்பிரிங்ஃபீல்ட் வீடு மாறுபட்டது: லிங்கன் வாழ்ந்தது ஐயமின்றி அதுவேயாகும்.

கலவரத்தின் நினைவு

1908 ஆம் ஆண்டுக் கலவரம் பற்றி ஸ்பிரிங்ஃபீல்டில் பல தலைமுறைகளாக வெளிப்படையாகப் பேசப்படவில்லை. லிங்கனைக் காண வருவோருக்கு அது பற்றிக் கூற நகரில் நெடுங்காலம் பெரிய சின்னம் ஏதும் இருக்கவில்லை. கலவரத்தின் நூற்றாண்டும் லிங்கனின் இருநூற்றாண்டும் அடுத்தடுத்து வந்தது இந்நிலையை மாற்ற உதவியது. 2008 இல் கலவரத்தின் நூறாம் ஆண்டு நினைவுகூரப்பட்டது. பிரஸ்டன் ஜாக்சன் என்னும் சிற்பி, எரிந்த வீடுகளில் எஞ்சி நின்ற புகைபோக்கிகளை நினைவூட்டும் வெண்கலச் சிற்பத்தை உருவாக்கினார். அது லிங்கன் அருங்காட்சியகத்துக்கு அருகிலுள்ள பூங்காவில் நிறுவப்பட்டது.

2014 இல் தொடர்வண்டிப் பாதையை மாற்றியமைக்கும் பணிக்காக நிலத்தை ஆய்ந்தபோது, கலவரத்தில் எரிந்த வீடுகளின் அடித்தளங்கள் மண்ணுக்கடியில் கண்டறியப்பட்டன. அவற்றைக் காக்க வேண்டும் என நகர மக்களும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பினரும் தொடர்ந்து வலியுறுத்தினர். ஆகஸ்ட் 16, 2024 அன்று குடியரசுத் தலைவர் ஜோ பைடன் அவ்விடத்தை ஸ்பிரிங்ஃபீல்ட் 1908 இனக் கலவரத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். லிங்கனின் வீட்டைப் போலவே இந்நினைவிடமும் தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் உள்ளது.